பல்கலைக்கழக மாணவரின் மனவெழுச்சி நுண்ணறிவும் சமய நடத்தையும்

மனவெழுச்சி நுண்ணறிவும் சமய நடத்தையும் என்பது, ஒருவர் தம் உணர்ச்சிகளையும் பிறர் உணர்ச்சிகளையும் அறிந்து கையாளும் திறனுக்கும், அவருடைய வழிபாடு, நோன்பு, வேண்டுதல் முதலிய சமயச் செயல்களுக்கும் இடையேயுள்ள தொடர்பை ஆராயும் உளவியல் ஆய்வுப் பொருளாகும். சமய உளவியல், கல்வி உளவியல் ஆகிய இரு துறையினரும் இதில் ஈடுபடுகின்றனர். இவ்வாய்வுகள் பலவற்றில் பல்கலைக்கழக மாணவர்களே பங்கேற்பாளர்களாக உள்ளனர். வீட்டுச் சமயப் பழக்கங்களைத் தொடர்வதா, மாற்றிக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பதைப் பலரும் முதன்முறையாகத் தாமே முடிவு செய்யும் பருவம் இதுவாகும். தேர்வு, வேலை தேடல், வீட்டைப் பிரிந்திருத்தல் ஆகியவற்றால் உணர்ச்சிகள் கடுமையாகச் சோதிக்கப்படும் பருவமும் இதுவே.

ஒருவர் எவ்வளவு அடிக்கடி வழிபடுகிறார் என்பதைவிட, எதற்காக வழிபடுகிறார் என்பதே அவருடைய மனவெழுச்சி நுண்ணறிவுடன் தெளிவான தொடர்பு கொண்டுள்ளது என்பது இத்துறையில் கவனிக்கத்தக்க முடிவாகும். எனினும் இத்தொடர்பு வலுவானதன்று. இவற்றில் எது காரணம், எது விளைவு என்பதும் நிறுவப்படவில்லை. பல சமயத் தலங்களும் பல உயர்கல்வி நிறுவனங்களும் அருகருகே அமைந்துள்ள செங்கல்பட்டு மாவட்டமும் அதன் மாமல்லபுரம் கடற்கரைப் பகுதியும் இப்பொருளை விளக்குவதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

சொற்பொருள்

மனவெழுச்சி நுண்ணறிவு என்னும் சொல் தமிழ்நாட்டுக் கல்வியியல் பாடநூல்களில் வழங்குவது. உணர்வுசார் நுண்ணறிவு, உணர்ச்சி நுண்ணறிவு என்றும் இது குறிப்பிடப்படுகிறது. உணர்ச்சி வயப்படாமல் இருத்தல் என்பது இதன் பொருளன்று. சினம், அச்சம், துயரம் முதலியவை எழும்போது அவற்றை இனங்காணுதல், அவை எதனால் எழுந்தன என அறிதல், அவற்றுக்கேற்பச் செயற்படுதல் ஆகியவை இதில் அடங்கும்.

சமய நடத்தை என்பது வழிபாடு, நோன்பு, திருத்தலப் பயணம், மறைநூல் ஓதுதல், நேர்த்திக்கடன் செலுத்துதல், கொடை முதலிய செயல்களைக் குறிக்கும். இது சமய நம்பிக்கையிலிருந்து வேறானது. நம்பிக்கை மிகுந்த ஒருவர் கோயிலுக்குச் செல்லாதிருக்கலாம். நம்பிக்கை குறைந்த ஒருவர் குடும்பத்தார் பொருட்டு எல்லாச் சடங்குகளையும் செய்யலாம்.

வரலாறு

மனவெழுச்சி நுண்ணறிவு

எட்வர்ட் தார்ண்டைக் 1920இல் சமூக நுண்ணறிவு என்னும் கருத்தை முன்வைத்தார். ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் வெளியிட்ட பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டில் தன்னை அறியும் நுண்ணறிவு, பிறரை அறியும் நுண்ணறிவு ஆகிய இரண்டும் இடம்பெற்றன. பீட்டர் சலோவே, ஜான் மேயர் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 1990இல் மனவெழுச்சி நுண்ணறிவுக்கு முறையான வரையறை தந்தனர். 1997இல் அவர்கள் அதனை நான்கு கிளைகளாகப் பிரித்தனர். அவையாவன:

* உணர்ச்சிகளை இனங்காணுதல்
* சிந்தனைக்கு உணர்ச்சிகளைத் துணையாகப் பயன்படுத்துதல்
* உணர்ச்சிகளின் காரணத்தையும் மாற்றத்தையும் புரிந்துகொள்ளுதல்
* உணர்ச்சிகளை மேலாண்மை செய்தல்

டானியல் கோல்மன் 1995இல் எழுதிய நூல் இக்கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. தொழிலிலும் வாழ்விலும் பெறும் வெற்றிக்கு இத்திறனே முதன்மையானது என்ற பரவலான எண்ணம் அந்நூலுக்குப் பின் எழுந்ததாகும். ஆய்வுகள் காட்டும் அளவு அதைவிடச் சிறியது. 27 நாடுகளைச் சேர்ந்த 42,000க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, மனவெழுச்சி நுண்ணறிவு மிக்க மாணவர்கள் தேர்வில் ஓரளவு கூடுதல் மதிப்பெண் பெறுகின்றனர் எனக் காட்டியது.

சமய நடத்தை

வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட நூல் சமய உளவியலின் அடிப்படை நூல்களில் ஒன்றாகும். சார்லஸ் கிளாக் 1962இல் சமய ஈடுபாட்டை நம்பிக்கை, சடங்கு, அனுபவம், அறிவு, வாழ்வில் ஏற்படும் விளைவு என ஐந்து கூறுகளாகப் பகுத்தார்.

கார்டன் ஆல்போர்ட், மைக்கேல் ராஸ் ஆகியோர் 1967இல் சமய நோக்கை அகவய நோக்கு, புறவய நோக்கு என இரண்டாகப் பிரித்து அளந்தனர். சமயத்தையே வாழ்வின் நெறியாகக் கொள்வது அகவய நோக்கு. பாதுகாப்பு, ஆறுதல், சமூக மதிப்பு முதலிய பயன்களுக்காகச் சமயத்தைக் கைக்கொள்வது புறவய நோக்கு. வழிபாட்டுக்குச் செல்வோரிடையே பிற இனத்தார் மீதான வெறுப்பு ஏன் காணப்படுகிறது என்னும் வினாவே இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக இருந்தது. அவ்வெறுப்பு அகவய நோக்கினரிடம் குறைவாகவும் புறவய நோக்கினரிடம் மிகுதியாகவும் காணப்பட்டது. டானியல் பாட்சன் 1976இல் ஐயத்தையும் வினாவையும் மதிக்கும் தேடல் நோக்கு என்னும் மூன்றாவது வகையைச் சேர்த்தார்.

தமிழ் மரபில்

உணர்ச்சிகளை வகைப்படுத்தும் முயற்சி தமிழில் தொன்மையானது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் தோன்றும் என்கிறது. அச்சம் தோன்றும் காரணங்களுள் முதலாவதாக அணங்கு வைக்கப்பட்டுள்ளது. வருத்தும் ஆற்றலுடைய தெய்வத்தைக் குறிப்பது அணங்கு என்பதால், சமய அனுபவமும் உணர்ச்சியும் இங்கு ஒருங்கே பேசப்படுவதாகக் கொள்ளலாம். உள்ளத்தின் நிலை உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு என்பதால், பிறர் உணர்ச்சியை அறிதல் என்னும் கிளையுடன் இது ஒப்பிடத்தக்கது.

திருக்குறளில் அடக்கமுடைமை, பொறையுடைமை, வெகுளாமை ஆகிய அதிகாரங்கள் தன் உணர்ச்சியைக் கையாளுதலையும், குறிப்பறிதல் என்னும் பெயரில் பொருட்பாலிலும் காமத்துப்பாலிலும் அமைந்த இரு அதிகாரங்கள் பிறர் உள்ளத்தை முகத்தாலும் நோக்காலும் அறிதலையும் கூறுகின்றன. எனினும் இவை அறமும் இலக்கணமும் பற்றியவை. அளந்தறியும் உளவியல் கோட்பாடுகள் அல்ல.

அளவிடும் முறைகள்

மனவெழுச்சி நுண்ணறிவை அளக்க இருவகைக் கருவிகள் உள்ளன. திறன் சோதனைகள் சரியான விடையைக் கண்டறியுமாறு கேட்பவை. 2002இல் வெளியான, 141 வினாக்கள் கொண்ட மேயர்-சலோவே-கருசோ சோதனை இவ்வகையைச் சேர்ந்தது. தன்மதிப்பீட்டு வினாநிரல்கள், ஒருவர் தம்மைப் பற்றித் தாமே கூறுவதைப் பதிவு செய்பவை. நிக்கோலா ஷூட்டேயும் பிறரும் 1998இல் உருவாக்கிய 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. இந்தியாவில் அனுகூல் ஹைடு, சஞ்ஜோத் பேதே, உபிந்தர் தர் ஆகியோர் உருவாக்கிய 34 கூற்றுகள் கொண்ட அளவுகோலும், எஸ். கே. மங்கல், சுப்ரா மங்கல் ஆகியோர் உருவாக்கிய 100 வினாக்கள் கொண்ட வினாநிரலும் கல்வியியல் ஆய்வுகளில் பயன்படுகின்றன.

சமய நடத்தையை அளக்க ஆல்போர்ட்-ராஸ் அளவுகோலும், கென்னத் பார்கமெண்ட் முதலியோர் 1998இல் வெளியிட்ட 14 கூற்றுகள் கொண்ட சமயவழிச் சமாளிப்பு அளவுகோலும் பயன்படுத்தப்படுகின்றன.

தமிழ்நாட்டுக் கல்வியியல் ஆய்வேடுகளில் மனவெழுச்சி நுண்ணறிவு அடிக்கடி எடுத்தாளப்படும் தலைப்பாகும். அவற்றுள் பலவற்றில் சமயம் என்பது இந்து, கிறித்தவர், இசுலாமியர் எனப் பாலினம், இருப்பிடம் முதலியவற்றோடு சேர்த்துக் கேட்கப்படும் பின்னணித் தகவலாக மட்டுமே அமைகிறது. ஒரு மாணவர் எச்சமயத்தில் பிறந்தவர் என்பதும், அச்சமயத்தை எவ்வாறு கைக்கொள்கிறார் என்பதும் வெவ்வேறானவை. முன்னதைக் கொண்டு கணிக்கப்படும் சராசரிகள் பின்னதைப் பற்றி எதுவும் கூறுவதில்லை.

ஆய்வு முடிவுகள்

எலன் பேக் 2006இல் தேவாலயத்துக்குச் செல்லும் 148 கிறித்தவர்களிடம் நடத்திய ஆய்வில், அகவய நோக்கு மிகுந்தோர் தம் மனவெழுச்சித் திறனையும் உயர்வாக மதிப்பிட்டனர். அவர்கள் உண்மையில் திறன் மிக்கவர்களா, அல்லது தம்மை நல்லவிதமாகக் காட்டிக்கொள்பவர்களா என்பதைத் தன்மதிப்பீட்டால் மட்டும் பிரித்தறிய இயலாது.

போலந்து நாட்டின் வோவிட்ஸ்கி, சயென்கோவ்ஸ்கி ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு தன்மதிப்பீட்டோடு திறன் சோதனையையும் பயன்படுத்தியது. அதில் மனவெழுச்சி நுண்ணறிவு மிக்கோரிடம் பொதுவான சமய நம்பிக்கை சற்று மிகுதியாகவும், புறவயச் சமய நோக்கு குறைவாகவும் காணப்பட்டன. பிறர் நிலையில் தன்னை வைத்து உணரும் ஒத்துணர்வு இவ்விரண்டையும் இணைக்கும் கண்ணியாக இருக்கலாம் என அவர்கள் கருதினர். முன்னதாக 2013இல் 63 ஆய்வுகளைத் தொகுத்த மிரன் சக்கர்மன் குழுவினர், பொது நுண்ணறிவுக்கும் சமய ஈடுபாட்டுக்கும் எதிர்மறை ஒட்டுறவு இருப்பதாகக் கூறியிருந்தனர். ஆகவே நுண்ணறிவின் எவ்வகை அளக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறுபடுகிறது.

பாலினமும் கருத்திற்கொள்ள வேண்டிய ஒன்றாகும். திறன் சோதனைகளில் பெண்கள் சராசரியாகக் கூடுதல் மதிப்பெண் பெறுகின்றனர். பல நாடுகளில் அன்றாட வழிபாட்டிலும் பெண்களே மிகுதியாக ஈடுபடுகின்றனர். பாலினத்தைத் தனியே கணக்கில் கொள்ளாத ஆய்வில், இல்லாத தொடர்பு ஒன்று இருப்பதாகத் தோன்றக்கூடும்.

செங்கல்பட்டு - மாமல்லபுரம் பகுதி

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி, காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம், வண்டலூர் கிரசென்ட் பல்கலைக்கழகம், வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையிலுள்ள வி.ஐ.டி. சென்னை வளாகம், 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி முதலியன இம்மாவட்டத்தில் உள்ளன. பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கிப் பயிலும் மாணவர்கள் இங்கு மிகுதி.

வழிபாட்டு வடிவங்கள்

இப்பகுதியில் மாணவர்கள் காணும் சமய நடத்தைகள் பலவகைப்பட்டவை. அவற்றுள் சில:

* சிங்கப்பெருமாள்கோயில் அருகிலுள்ள செட்டிப்புண்ணியம் தேவநாதப் பெருமாள் கோயிலில் கல்விக்குரிய கடவுளாக யோக ஹயக்ரீவர் வழிபடப்படுகிறார். தேர்வுக் காலத்தில் மாணவர்களும் பெற்றோரும் எழுதுகோல், குறிப்பேடு, தேர்வு நுழைவுச்சீட்டு ஆகியவற்றைச் சன்னதியில் வைத்துப் பெற்றுச் செல்கின்றனர்.
* திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் கோயிலில் முழுநிலவு நாள் மலைவலமும், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்குதீர்த்த விழாவும் நடைபெறுகின்றன.
* மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி கோயிலில் செவ்வாடை உடுத்திச் சக்தி மாலை அணிந்து இருமுடி செலுத்தும் வழக்கம் உள்ளது. பெண்கள் கருவறையில் தாமே வழிபாடு செய்யலாம் என்பது இங்குள்ள தனிச்சிறப்பாகும்.
* கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவும் கார்மேல் மாதா தேவாலயமும் உள்ளன. தர்காவுக்குப் பிற சமயத்தாரும் வருகின்றனர்.
* ஆகத்து மாத இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வேளாங்கண்ணிக்குக் காவியுடை அணிந்து நடைப்பயணம் செல்வோரைக் காணலாம்.
* மாசி மக முழுநிலவை ஒட்டி இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடித் தங்கி, மணலில் வழிபாட்டிடம் அமைத்துக் கன்னியம்மனை வழிபடுகின்றனர். திருமணம் பேசுதல், குழந்தைகளுக்கு முடியெடுத்தல் ஆகியனவும் அப்போது நடைபெறும்.

வாரந்தோறும் வழிபாட்டுக்குச் செல்கிறீர்களா என்னும் மேலைநாட்டு வினாநிரலின் கேள்வி இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கடற்கரையில் கூடும் இருளர் சமூகத்து மாணவர், அவ்வினாநிரலின்படி சமய ஈடுபாடு குறைந்தவராகக் கணக்கிடப்படுவார்.

ஒரே செயல், வேறுபட்ட நோக்கு

செட்டிப்புண்ணியத்தில் எழுதுகோலை வைத்து வணங்கும் வழக்கம், நடத்தைக்கும் நோக்குக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க உதவும். பாடத்தைப் படித்து முடித்த ஒருவர் தம் பதற்றத்தை உணர்ந்து, மனத்தை அமைதிப்படுத்திக்கொள்ள அங்குச் செல்லலாம். மற்றொருவர் படிக்காத பாடத்தைப் பற்றிய அச்சத்தை எதிர்கொள்ள இயலாமல், அதனைத் தள்ளிப்போடுவதற்காகச் செல்லலாம். வேறொருவர் தாயார் நேர்ந்துகொண்டதற்காக மட்டும் செல்லலாம். மூவரின் வருகையும் கணக்கெடுப்பில் ஒன்றாகவே பதிவாகும். முதலாமவரிடம் உணர்ச்சியை இனங்கண்டு மேலாண்மை செய்தல் காணப்படுகிறது. இரண்டாமவரிடம் உணர்ச்சியைத் தவிர்த்தல் காணப்படுகிறது. மூன்றாமவரின் செயல் ஆல்போர்ட்டின் பிரிவில் புறவயமானது. ஆயினும் அது தாயாரின் கவலையைப் புரிந்துகொண்டு செய்யப்பட்டதாயின் ஒத்துணர்வின் வெளிப்பாடும் ஆகும்.

சிற்பக் கல்வி

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கப்பட்ட அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, சமய அறிவையும் உணர்ச்சி வெளிப்பாட்டையும் பாடமாகவே பயிலும் மாணவர்களைக் கொண்டது. கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த வை. கணபதி ஸ்தபதி இக்கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தெய்வ உருவங்களின் தாள அளவுகள், முத்திரைகள், அமர்நிலைகள், அருள், சினம் முதலிய முகபாவங்கள் ஆகியவை சிற்பக் கலையில் இன்றியமையாதவை. ஓர் உருவத்தின் கண்ணிலும் உதட்டிலும் சினத்தையோ அருளையோ கொண்டுவர, அவ்வுணர்ச்சியின் உடற்குறிகளை நுட்பமாக நோக்கும் பயிற்சி தேவை. கிளாக்கின் பகுப்பில் இது சமய அறிவு என்னும் கூறில் அடங்கும். இவ்வறிவு பெற்ற ஒருவர் சடங்குகளிலும் ஈடுபட வேண்டும் என்பதில்லை.

தேர்வு அழுத்தமும் சமயவழிச் சமாளிப்பும்

இத்தொடர்பு பற்றிய ஆய்வு மாணவர் மனநலத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். மாநிலங்களுள் மகாராட்டிரத்துக்கு அடுத்ததாகத் தமிழ்நாடு இருந்தது.

துன்பம் நேரும்போது சமயத்தை நாடுதல் சமயவழிச் சமாளிப்பு எனப்படும். பார்கமெண்ட் இதனை நேர்மறை, எதிர்மறை என இருவகைப்படுத்தினார். கடவுள் துணையாக இருக்கிறார் என்னும் உணர்வு, வழிபாட்டுக் கூட்டத்தாரின் ஆதரவு, துன்பத்துக்கு நல்ல பொருள் காணுதல் ஆகியவை நேர்மறையானவை. கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என எண்ணுதல் எதிர்மறையானது. எதிர்மறைச் சமாளிப்பு மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுடன் ஒட்டுறவு கொண்டுள்ளது எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

தமிழ்ச் சூழலில் எதிர்மறைச் சமாளிப்பு பெரும்பாலும் சாமி குற்றம், நேர்த்திக்கடன் பாக்கி, கிரக தோசம் முதலிய சொற்களில் வெளிப்படுகிறது. தேர்வில் தவறிய மாணவர் ஒருவர், குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாததால் இவ்வாறு நேர்ந்தது என நம்பினால், அதற்கான வழிபாட்டைச் செய்தபின் மனம் தேறி மீண்டும் படிக்கத் தொடங்கலாம். அல்லது, தாம் என்ன செய்தாலும் பயனில்லை என்ற முடிவுக்கு வரலாம். தம் மனநிலை அவமானமா, அச்சமா, குற்றவுணர்வா எனப் பெயரிட்டு அறியக்கூடியவர், உதவி நாடுவதற்கும் கூடுதல் வாய்ப்புடையவர் எனக் கருதப்படுகிறது. மனவெழுச்சி நுண்ணறிவின் பயன் இங்குத் தெளிவாகிறது.

திறனாய்வு

எட்வின் லாக் 2005இல், மனவெழுச்சி நுண்ணறிவு என்பது ஒரு நுண்ணறிவே அன்று எனவும், அதன் வரையறை எல்லையின்றி விரிந்துவிட்டது எனவும் வாதிட்டார். தன்மதிப்பீட்டு அளவுகோல்கள் ஆளுமைப் பண்புகளையே வேறு பெயரில் அளக்கின்றன என்னும் விமர்சனமும் உள்ளது.

அகவயம், புறவயம் என்னும் பிரிவும் விமர்சிக்கப்பட்டுள்ளது. ஆடம் கோகனும் பிறரும் 2005இல், தனிமனிதனின் உள்ளத்தையே உயர்ந்ததாகக் கொள்ளும் இப்பார்வை அமெரிக்கப் புரோட்டசுதாந்து மரபைச் சார்ந்தது எனவும், குடும்பமும் சமூகமும் சேர்ந்து செய்யும் சடங்குகளை மையமாகக் கொண்ட சமயங்களை அது தாழ்த்திக் காட்டும் எனவும் சுட்டினர். தமிழ்நாட்டின் திருவிழாக்களுக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் இவ்விமர்சனம் நன்கு பொருந்தும்.

சமய ஈடுபாடு இல்லாத மாணவர்களை எவ்வாறு கொள்வது என்பதும் ஒரு சிக்கலாகும். பியூ ஆய்வு மையம் 2019-2020இல் ஏறத்தாழ 30,000 இந்தியரிடம் நடத்திய கருத்தாய்வில் 97 விழுக்காட்டினர் கடவுள் நம்பிக்கை உடையவர்களாகவும், 60 விழுக்காட்டினர் நாள்தோறும் வழிபடுபவர்களாகவும் இருந்தனர். 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் வழியாகத் தமிழ்நாட்டில் பகுத்தறிவு மரபும் வேரூன்றியுள்ளது. அம்மரபில் வளர்ந்த மாணவர் சமய அளவுகோலில் பெறும் குறைந்த மதிப்பெண், அவருடைய ஒத்துணர்வுக் குறைவைக் காட்டுவதாகாது. உணர்ச்சியை அறிந்து கையாள நட்பு, இலக்கியம், சமூகப் பணி ஆகியவையும் வழிகளாக அமைகின்றன.

மனநலச் சேவைகள்

தமிழ்நாடு அரசு 2022இல் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்காக மனம் என்னும் மனநல நல்லாதரவு மன்றங்களையும், நட்புடன் உங்களோடு என்னும் 14416 தொலைபேசி மனநலச் சேவையையும் தொடங்கியது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் குறைந்தது ஒரு தகுதி பெற்ற மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என இந்திய உச்ச நீதிமன்றம் 2025 சூலையில் வழிகாட்டுதல் வழங்கியது.

மாணவரின் சமய நடத்தையை ஆலோசகர் பரிந்துரைப்பதோ பழிப்பதோ கூடாது என்பது ஆலோசனைத் துறையின் பொது நெறியாகும். வழிபாட்டுக்குப் பின் மாணவர் எவ்வாறு உணர்கிறார், அடுத்து என்ன செய்கிறார் என்று கேட்பதன் மூலம், அவ்வழிபாடு அவருக்குத் துணையாக உள்ளதா, அச்சத்தை வளர்க்கிறதா என்பதை அறிய இயலும்.

இவற்றையும் பார்க்க

* சமய உளவியல்
* மெய்ப்பாட்டியல்
* பன்முக நுண்ணறிவுக் கோட்பாடு
* ஒத்துணர்வு
* குலதெய்வ வழிபாடு
* செங்கல்பட்டு மாவட்டம்